சம்பளம் 15ஆம் திகதிக்குள் முடிந்துவிடுகிறதா? கொழும்பில் வருமானத்துக்குள் வாழ்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர்கள், போடிங்கில் தங்கி முதல் வேலை பார்க்கும் பிள்ளைகள், நாள் கூலிக்குப் போகிறவர்கள் என்று பலரும் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். மாதச் செலவுத் தொகைகள் உதாரணத்துக்குத்தான். உங்கள் வீட்டுத் தொகையைப் போட்டுப் பாருங்கள்.

நான் ஆடம்பரமாக எதுவும் செய்வதில்லை, வெளியில் சாப்பிடுவதும் குறைவு. அப்படியும் காசு நிற்கவில்லை. எங்கே போகிறது?

பெரும்பாலும் அது சம்பளம் வர முன்பே போய்விட்ட காசு. சம்பளம் 90,000 ரூபா என்று வைப்போம். ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) 8 வீதம், 7,200 கழிந்து கைக்கு வருவது 82,800. கொட்டாஞ்சேனைப் பக்கம் இரண்டு அறை வீட்டுக்கு வாடகை 35,000, கரண்டும் தண்ணீரும் 6,000, போனும் டேட்டாவும் 4,000, பிள்ளையின் டியூஷன் 8,000, பைக் லீசிங் 9,500, சீட்டு 5,000, ஊரில் அம்மாவுக்கு 5,000. கூட்டினால் 72,500. மிச்சம் 10,300 ரூபா. அதில்தான் ஒரு மாதச் சாப்பாடு, பஸ், மருந்து, சவர்க்காரம் எல்லாம். முடியாது, யாராலும் முடியாது. அதனால் கார்ட்டைத் தேய்க்கிறோம், அடுத்த மாதம் 72,500 இன்னும் கூடுகிறது.

பிளேன்டீயையும் ரோல்ஸையும் நிறுத்தினால் மிச்சம் பிடிக்கலாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வேலை நாளில் 100 ரூபா குறைத்தால் மாதத்துக்கு 2,500 வரும், நல்லதுதான், ஆனால் மேலே இருக்கிற கணக்கை அது காப்பாற்றாது. நாள் முழுக்க நின்று வேலை செய்கிற மனுஷன் ஒரு தேநீர் குடித்ததற்குக் குற்ற உணர்ச்சிப்பட வேண்டிய அவசியமும் இல்லை. பார்க்க வேண்டியது கையெழுத்துப் போட்டு, வாக்குக் கொடுத்து, அடுத்த மாதச் சம்பளத்தில் ஏற்கெனவே மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்ட பங்கை.

சரி, எங்கிருந்து தொடங்குவது? ஆப் ஏதாவது போட வேண்டுமா?

ஒரு கொப்பி போதும். எல்லாக் கமிட்மென்ட்டையும் எழுதுங்கள்: எவ்வளவு, எந்தத் திகதி, எப்போது முடிகிறது. இந்த மூன்றாவதைத்தான் பலர் எழுதுவதில்லை. லீசிங் அடுத்த வருடம் ஆடியில் முடிகிறது, சீட்டு மார்கழியில் முடிகிறது என்று கண்ணால் பார்த்தால்தான் எப்போது மூச்சு விடலாம் என்று தெரியும். டியூஷன், வாடகை போன்றவற்றுக்கு முடிவு இல்லை, அவற்றுக்கு நேரே கோடு போடுங்கள்.

என்னுடைய கணக்கு இது: வாடகையையும் சேர்த்துக் கமிட்மென்ட் எல்லாம் கைக்கு வருகிற காசில் பாதிக்குள் நின்றால் நிம்மதி. கொழும்பு வாடகையில் அது எல்லோருக்கும் சரிவராது என்பது தெரியும், ஆனால் மூன்றில் இரண்டைத் தாண்டினால் கடன் வாங்காமல் மாதம் ஓடாது. தாண்டியிருந்தால், ஒன்று முடியும் வரைக்கும் புதிதாக ஒன்றும் தொடங்க வேண்டாம். முடிகிற அன்றைக்கே அந்தத் தொகைக்கு ஒரு புதுப் போனோ டிவியோ கட்டிவிடுகிற பழக்கம்தான் பல வீடுகளைப் பத்து வருடமாக ஒரே இடத்தில் வைத்திருக்கிறது.

மிச்சக் காசை எப்படிச் சமாளிப்பது? முதல் கிழமையிலேயே கரைந்துவிடுகிறது.

ஐந்தாகப் பிரியுங்கள், நாலாகப் பிரிக்காதீர்கள். மாதத்தில் நாலு கிழமைக்கு மேலே இரண்டு மூன்று நாள் வரும், கடையில் கடன் கொப்பி திறப்பது அந்த நாட்களில்தான். சம்பளம் வந்ததும் கமிட்மென்ட் எல்லாவற்றையும் கட்டிவிட்டு, மிச்சத்தை ஐந்து கடித உறையில் போட்டு வைத்தால் ஞாயிற்றுக்கிழமை ஒன்றைத் திறக்கலாம். ஐந்தாவதில் ஏதாவது மிஞ்சினால் அதுதான் உங்கள் முதல் சேமிப்பு.

சாப்பாட்டுச் செலவு கட்டுக்கடங்கவில்லை. சூப்பர் மார்க்கெட்டை விட்டுப் புறக்கோட்டைக்குப் போவது லாபமா?

உலர் சாமானுக்கு லாபம், ஆனால் ஒரு ஆளாகப் போனால் அவ்வளவு இல்லை. 4ஆம் குறுக்குத்தெருவில் வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு, செத்தல் மிளகாய் எல்லாம் மொத்த விலைக்கு எடுக்கலாம். மூட்டையாக எடுத்து மூன்று நாலு வீடு பிரித்துக்கொண்டால்தான் விலை வித்தியாசம் தெரியும். கிலோ இரண்டு கிலோவுக்காகப் போய் ஓட்டோவில் திரும்பி வந்தால் மிச்சம் பிடித்தது ஓட்டோவுக்குப் போய்விடும். மரக்கறிக்கு மெனிங் சந்தை 2020இல் பேலியகொடைக்குப் போனதிலிருந்து நகரத்துக்குள் இருக்கிறவர்களுக்கு அது தூரம். வத்தளை, களனிப் பக்கம் இருந்தால் பரவாயில்லை. மற்றவர்களுக்கு வீட்டுக்குப் பக்கத்துக் கிழமைச் சந்தையே போதும், பின்னேரம் கடை கட்டுகிற நேரம் போனால் விலை இறங்கும்.

அதோடு ஒரு சாமான் விலை ஏறினால் சமையலை மாற்றத் தயங்காதீர்கள். 2025 தொடக்கத்தில் தேங்காய் ஒன்று 200 ரூபாவைத் தாண்டியபோது ஒவ்வொரு நாளும் சம்பலும் பால்கறியும் வைத்த வீடுகள் கஷ்டப்பட்டன. கிழமைக்கு மூன்று நாள் ரசமும் வதக்கலுமாக மாற்றியவர்களுக்குக் காசு நின்றது.

கரண்ட் பில் ஒரு மாதம் ஒரு மாதிரி, மறு மாதம் ஒரேயடியாக ஏறுகிறது. ஏன்?

60 யூனிட் என்ற எல்லையைக் கவனியுங்கள். மாதப் பாவனை 60 யூனிட்டுக்குள் நின்றால் ஒரு கட்டண அட்டவணை, அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு அட்டவணை. அதனால் 58 யூனிட்டுக்கும் 64 யூனிட்டுக்கும் இடையில் ஆறு யூனிட் வித்தியாசம்தான் என்றாலும் பில் அதைவிட நிறையக் கூடும். 90, 120, 180 என்று மேலேயும் படிகள் இருக்கின்றன. செய்யக்கூடியது லேசானது: வாசிப்பு எடுக்க ஆள் வந்த அன்று மீற்றர் எண்ணை எழுதி வையுங்கள், இருபதாம் நாள் திரும்பப் பாருங்கள். 42இல் நின்றால் மிச்ச நாட்களில் ஸ்திரிப்பெட்டியை ஒரே தடவையில் முடிக்கிறது, ரைஸ் குக்கரைச் சூடாகவே போட்டு வைக்காமல் விடுகிறது என்று இழுத்துப் பிடிக்கலாம். 55இல் நின்றால் எப்படியும் தாண்டும், வீணாக இருட்டில் இருக்க வேண்டாம்.

வாடகை வீட்டில் இன்னொரு பிரச்சினை இருக்கிறது. மேல் வீடும் கீழ் வீடும் ஒரே மீற்றரில் ஓடினால் இரண்டு வீட்டுப் பாவனையும் சேர்ந்து மேல் படிக்குப் போய்விடும், நீங்கள் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் கூடின விலைக்குத்தான் யூனிட் வரும். வீடு பார்க்கும்போதே தனி மீற்றரா என்று கேளுங்கள். வாடகையில் 2,000 குறைவென்று ஒட்டு மீற்றர் வீட்டை எடுத்தால் அந்த 2,000 வேறு வழியில் போகும்.

கிரெடிட் கார்ட்டில் மினிமம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், கடன் குறையவே இல்லையே?

குறைகிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில். ஒரு லட்சம் நிலுவை, ஆண்டு வட்டி 24 வீதம் என்று வையுங்கள். மாத வட்டி 2,000. மினிமம் 5 வீதம், அதாவது 5,000 கட்டினால் அதில் 2,000 வட்டிக்கே போகிறது, முதல் தொகையில் குறைவது ஏறக்குறைய 3,000. அதற்குப் பிறகு கார்ட்டைத் தொடவே இல்லை என்றாலும் அந்தக் கடன் பாதியாவதற்குக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஆகும். நடுவில் ஒரு தீபாவளி உடுப்பு, ஒரு பள்ளிக்கூட பேக் அதில் விழுந்தால் திரும்பப் பழைய இடம்.

மினிமம் தொகை வங்கி கேட்பது, நீங்கள் கட்ட வேண்டியது அதைவிடக் கூட. இன்றைக்கு 5,000 மினிமம் என்றால் அந்த 5,000ஐக் கடன் தீரும் வரை மாற்றாமல் கட்டுங்கள், பில்லில் மினிமம் 4,600, 4,300 என்று இறங்கினாலும் நீங்கள் இறங்க வேண்டாம். இது ஒன்றே பல வருடத்தைக் குறைக்கும். கார்ட்டில் காசாக எடுப்பது வேண்டவே வேண்டாம். அதற்குத் தனிக் கட்டணம், எடுத்த நாளிலிருந்தே வட்டி.

சீட்டு நல்லதா கெட்டதா? வேலை செய்கிற இடத்தில் எல்லோரும் பிடிக்கிறார்கள்.

நல்ல ஆள் பிடித்தால் நல்லது. வங்கி கடன் தராத எத்தனையோ பேர் சீட்டுக் காசில்தான் வீட்டு அட்வான்ஸ் கட்டியிருக்கிறார்கள், தையல் மெஷின் வாங்கியிருக்கிறார்கள். பத்துப் பேர், மாதம் 10,000, குலுக்கல் சீட்டு என்றால் முதல் கை எடுப்பவருக்கு அது வட்டியில்லாக் கடன், கடைசிக் கை எடுப்பவருக்கு வட்டியில்லாச் சேமிப்பு. விலை அமைதியாக இருக்கிற காலத்தில் பரவாயில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதத்துக்குப் போனபோது கடைசிக் கைக்காரர் கையில் வந்த ஒரு லட்சத்துக்கு, தொடங்கும்போது நினைத்த சாமானில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான் வந்தது.

மற்ற ஆபத்து ஆள் ஓடுவது. சீட்டுப் பிடிக்கிறவரின் வீடு தெரியுமா, முந்தின சீட்டை முழுதாக முடித்தாரா, முதல் கை எடுத்தவர்கள் கடைசி வரை கட்டினார்களா என்று கேட்காமல் சேர வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு சீட்டு வேண்டாம். ஒன்றின் கையை எடுத்து மற்றதைக் கட்டுகிற நிலைக்கு வந்துவிட்டால் அது சேமிப்பே இல்லை.

நகையை அடகு வைக்கலாமா? வீட்டில் வெட்கப்படுகிறார்கள்.

வெட்கப்பட ஒன்றுமில்லை. அவசரத்துக்கு வங்கியில் நகை அடகு வைப்பது கார்ட் வட்டியையும் நாள் வட்டியையும் விடப் பொதுவாக மலிவு, யாருடைய பிணையும் தேவையில்லை. பவுண் வாங்கி வைப்பதே இதற்குத்தானே. ஆனால் அடகு வைத்த அன்றே மீட்கிற திகதியைக் கமிட்மென்ட் கொப்பியில் எழுதுங்கள். மாதம் மாதம் கொஞ்சமாவது வட்டியைக் கட்டிக்கொண்டு வாருங்கள், சும்மா விட்டால் தவணை முடிகிற நேரம் முதலும் வட்டியும் சேர்ந்து மலைக்க வைக்கும், அறிவித்தல் கடிதம் வந்த பிறகு ஏலம். வாடகை வீடு மாறினால் வங்கிக்குப் புது விலாசத்தைச் சொல்லுங்கள். பழைய விலாசத்துக்குக் கடிதம் போய் நகையை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

மாதச் செலவு போதவில்லை என்பதற்காக மட்டும் வைக்காதீர்கள். அடுத்த மாதமும் போதாது, அப்போது வைக்க நகை இருக்காது.

“12 வீத வட்டி” என்று சொல்லித் தந்த கடனுக்கு ஏன் இவ்வளவு கட்டுகிறேன்?

ஃப்ளாட் வட்டியாக இருக்கும். ஒரு லட்சம், 12 மாதம், ஃப்ளாட் 12 வீதம் என்றால் மொத்தம் 112,000, மாதம் 9,333. ஆறு மாதம் கட்டி முடிக்கும்போது கிட்டத்தட்ட பாதிக் கடன் அடைந்துவிட்டது, ஆனாலும் வட்டி முழு ஒரு லட்சத்துக்கே போட்டிருக்கிறார்கள். குறைந்து செல்லும் நிலுவைக்குப் போட்டால் இது ஏறக்குறைய 21 வீத வட்டி. கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியது இரண்டுதான்: எல்லாம் சேர்த்து எவ்வளவு திருப்பிக் கட்டுகிறேன், இடையில் முழுதாகக் கட்டினால் எவ்வளவு குறையும். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

சினேகிதருக்குப் பிணைக் கையெழுத்துப் போடலாமா?

அவர் கட்டாவிட்டால் நீங்கள் கட்டக்கூடிய தொகையா? ஆம் என்றால் போடுங்கள். இல்லையென்றால், அண்ணனாக இருந்தாலும், வேண்டாம். பிணை நின்றதும் கிரிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையில் உங்கள் பெயரில் பதிவாகும், நாளைக்கு நீங்கள் வீட்டுக் கடன் கேட்கும்போது வங்கி அதைப் பார்க்கும்.

கைமாற்று வேறு விஷயம். திரும்பி வராவிட்டாலும் உறவு கெடாத தொகையைக் கொடுங்கள். ஐம்பதாயிரம் கேட்டால் ஐயாயிரம் கொடுத்து “இதைத் திருப்பித் தர வேண்டாம்” என்று சொல்வது பலருக்கும் நல்லபடி முடிந்திருக்கிறது.

கல்யாணம், சாமத்திய வீடு, அந்தியேட்டி என்று மாதத்துக்கு இரண்டு வருகிறது. போகாமல் இருக்க முடியாதே?

போகத்தான் வேண்டும். நம் ஆட்களுக்கு நல்லது கெட்டதுக்குப் போய் நிற்பது முக்கியம், அதை வெட்டச் சொல்ல மாட்டேன். போன வருடம் வந்த அழைப்புகளை நினைத்துப் பார்த்து ஒரு வருடத் தொகையைக் கணக்கிட்டு, பன்னிரண்டாகப் பிரித்து, அதையும் கமிட்மென்ட்டில் ஒன்றாக எழுதுங்கள். வைகாசியில் கல்யாணம் குவியும் என்பது மாசியிலேயே தெரியும். என்வலப்பில் போடுகிற தொகையை வீட்டில் இருவரும் பேசி முடிவு செய்துவிட்டு அதைத் தாண்டாதீர்கள். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் புதுச் சாரி என்பதில் மட்டும் கொஞ்சம் மனதைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும். வெள்ளவத்தைக் கடைகளில் அதுதான் என்வலப்பைவிடப் பெரிய செலவு.

சேமிக்கிற காசை எங்கே போடுவது?

முதலில் ஒரு மாத வாடகையும் ஒரு மாதச் சாப்பாடும் அளவுக்கு, சம்பளம் விழுகிற கணக்கு இல்லாத வேறு வங்கியில். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் கார்ட் எடுக்காவிட்டால் இன்னும் நல்லது. தேசிய சேமிப்பு வங்கி வைப்புகளுக்கு அரசின் முழு உத்தரவாதம் இருக்கிறது. மற்ற உரிமம் பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 லட்சம் வரை. வட்டி கூட என்று ஒரே நிதிக் கம்பனியில் அதற்கு மேல் போடுவதற்கு முன் யோசியுங்கள்.

வைப்பு வட்டியில் 2025 ஏப்ரல் முதல் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 லட்சத்துக்குள் என்றால் வங்கியில் சுய பிரகடனம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். பென்ஷன்காரரான அப்பா அம்மாவுக்கு இதைச் செய்து கொடுங்கள், அவர்களாகப் போய்க் கேட்க மாட்டார்கள்.

ஆள் சேர்த்தால் காசு, மாதம் 10 வீதம் நிச்சயம் என்று யார் சொன்னாலும், கோயிலில் கூட நிற்கிறவர் சொன்னாலும், போடாதீர்கள். பிரமிட் திட்டம் நடத்துவது வங்கிச் சட்டப்படி குற்றம். தடை செய்யப்பட்டவற்றின் பெயர்களை மத்திய வங்கி வெளியிடுகிறது.

ஈபிஎப் கட்டுகிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சம்பளச் சீட்டில் உங்கள் அங்கத்துவ இலக்கம் இருக்க வேண்டும். உங்களிடம் 8 வீதம் பிடித்து முதலாளி 12 வீதம் போட வேண்டும், ஈடிஎப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் முழுக்க முதலாளியின் காசு. 90,000 சம்பளத்துக்கு ஈபிஎப் மட்டும் மாதம் 18,000 சேர வேண்டும். சேரவில்லை என்று சந்தேகம் வந்தால் நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்திலோ உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்திலோ கேளுங்கள். புறக்கோட்டைக் கடைகளில் “கையில் கூடத் தருகிறேன், ஈபிஎப் வேண்டாமே” என்று பேசுகிற முதலாளிகள் இருக்கிறார்கள். சம்மதிக்காதீர்கள், அந்த 12 வீதம் உங்களுக்குச் சட்டப்படி சேர வேண்டியது.

எனக்குச் சம்பளமே இல்லை. மூட்டை தூக்குகிற நாட்டாமி வேலை, ஒரு நாள் 4,000, ஒரு நாள் ஒன்றுமில்லை. இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

பொருந்தும், நாள் கணக்கில். மாத வாடகையையும் பில்களையும் 20ஆல் பிரியுங்கள், 30ஆல் வேண்டாம். மழை, போயா, காய்ச்சல் எல்லாம் போக வேலை கிடைப்பது ஏறத்தாழ அவ்வளவுதான். 24,000 என்றால் வேலை கிடைத்த ஒவ்வொரு நாளும் 1,200ஐ வீட்டுக்குப் போனதும் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றது. ஓட்டோ ஓடுகிறவர்கள் இதில் டயர், சேர்விஸ் காசையும் சேர்க்க வேண்டும். கூடக் கிடைத்த நாளில் கூட எடுத்து வையுங்கள்.

எல்லாம் செய்து பார்த்தேன். வருமானமே போதாது.

அப்படியும் இருக்கும், அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. 2022க்குப் பிறகு விலை ஏறின அளவுக்குப் பலருக்குச் சம்பளம் ஏறவில்லை, அது உங்கள் சிக்கனக் குறைவு அல்ல. அந்த நிலையில் சிறு செலவுகளைக் கிள்ளி உடம்பைக் கெடுக்காமல் பெரிய மூன்றைப் பாருங்கள்: வீடு, வாகனம், டியூஷன். வத்தளை, ஹெந்தளைக்குப் போனால் வாடகை எவ்வளவு குறையும், பஸ் செலவும் பிள்ளையின் பள்ளிக்கூட வானும் எவ்வளவு கூடும் என்று இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், சிலருக்கு லாபம், சிலருக்கு நட்டம். லீசிங் வாகனத்தைக் கம்பனி தூக்கும் முன் நீங்களாக விற்று முடிப்பது நல்ல விலை தரும். நோய் வந்தால் தேசிய வைத்தியசாலையும் பிள்ளைகளுக்கு லேடி ரிட்ஜ்வேயும் இலவசம், காத்திருக்கத்தான் வேண்டும். அரசின் நலன்புரி உதவியான அஸ்வெசுமவுக்குத் தகுதி இருந்தால் விண்ணப்பியுங்கள்.

மனைவியிடம் கடன் முழுவதையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள், இந்தக் கிழமையே. கொப்பியை நடுவில் வைத்துக்கொண்டு தொகையோடு சொல்லுங்கள். பாதியைச் சொல்லிப் பாதியை மறைத்தால் மிச்சம் தெரிய வருகிற அன்று கடனைவிட அதுதான் பெரிதாகும். கணவரிடம் மறைத்து வைத்திருக்கிற பெண்களுக்கும் இதே பதில்தான். சமையலறைச் செலவை நடத்துகிறவருக்கு முழுக் கணக்கும் தெரியாமல் எந்தத் திட்டமும் நிற்காது.

இந்த மாதம் எல்லாவற்றையும் கட்ட முடியாது. எதை முதலில் கட்டுவது?

சாப்பாடு, மருந்து, வாடகை, கரண்ட், தண்ணீர். அதற்குப் பிறகு வேலைக்குத் தேவையான வாகனத்தின் லீசிங், பிறகு சீட்டு, ஏனென்றால் அதில் இருப்பது உங்களைப் போன்றவர்களின் காசு. கார்ட்டும் வங்கிக் கடனும் கடைசி. அதிகமாகச் சத்தம் போட்டு போன் எடுக்கிறவருக்கு முதலில் கட்டுவதுதான் நடக்கிறது, அப்படிச் செய்யாதீர்கள்.

வங்கிக்குத் தவணைத் திகதிக்கு முன்பே போங்கள். போன் பண்ணுவது போதாது, கிளைக்கு நேரே போய், வருமானம் ஏன் குறைந்தது, மாதம் எவ்வளவு கட்ட முடியும், எப்போதிலிருந்து என்று ஒரு பக்கக் கடிதம் கொடுத்துத் தவணையை நீட்டித் தரக் கேளுங்கள். கடிதத்தில் இரண்டு பிரதி கொண்டு போய் ஒன்றில் திகதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு யாராவது வீட்டுக்கு வந்து நின்றால் காட்டுவதற்கு அது தேவைப்படும்.